குளிர்ந்த அறையில் மிளகாய், கத்தரி விதைகளை முளைக்க வைக்க: மண்ணின் சூட்டைக் காக்கும் வழிகள்

மிளகாய் விதையைத் தட்டில் போட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, மூன்று வாரம் காத்திருந்தும் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை என்றால் முதல் சந்தேகம் விதையின் மேல்தான் போகும். பழைய விதையாக இருக்குமோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று தோன்றும். பெரும்பாலும் விதையில் குறை இருப்பதில்லை. அது கிடக்கிற மண்ணில் போதிய சூடு இல்லை, அவ்வளவுதான். மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல், தர்பூசணி எல்லாம் சூட்டை விரும்புகிற விதைகள். நமக்கு இதமாக இருக்கிற அறை அவற்றுக்குக் குளிர்.

இதைப் பற்றிய தகவல்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன. பல பருவங்கள் தட்டுத் தடுமாறித்தான் நான் இவற்றை ஒன்றுசேர்த்தேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த அலைச்சலும் விதை நட்டமும் வேண்டாம் என்பதற்காகச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் டிகிரிதான்.

1. உங்கள் விதைக்கு எவ்வளவு சூடு தேவை என்று பாருங்கள்

ஒவ்வொரு விதைக்கும் மூன்று எண்கள் உண்டு. இதற்குக் கீழே போனால் முளைக்காது என்பது ஒன்று. நன்றாக முளைக்கிற சூடு இன்னொன்று. இதற்கு மேலே போனால் விதை கெடும் என்பது மூன்றாவது. மிளகாய், குடைமிளகாய், கத்தரி மூன்றுக்கும் கீழ் எல்லை சுமார் 15 டிகிரி, நன்றாக முளைப்பது 27 முதல் 30 வரை, மேல் எல்லை 35. தக்காளி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 10 டிகிரியில்கூட முளைக்கும், ஆனால் அதற்கும் பிடித்தது 25 முதல் 29 வரைதான். வெண்டை, வெள்ளரி, தர்பூசணி, பூசணி ஆகியவை இன்னும் சூடு கேட்பவை. 30 முதல் 35 வரை கொடுத்தால் மடமடவென்று வரும்.

கீழ் எல்லையைத் தாண்டிவிட்டோமே என்று நிம்மதி அடைய வேண்டாம். பலர் சிக்குவது இங்கேதான். மிளகாய் விதை 15 டிகிரி மண்ணில் முளைக்கச் சுமார் 25 நாள் எடுக்கும். அதே விதைக்கு 20 டிகிரியில் 13 நாள் போதும். 25 டிகிரியில் 8 நாள்தான். வெள்ளரி 15 டிகிரியில் 13 நாள் எடுப்பதை 25 டிகிரியில் 4 நாளில் முடித்துவிடும். வெண்டைக்கு 20 டிகிரியில் 17 நாள் என்றால், 30 டிகிரியில் 7 நாள். நல்ல விதையும் சரியான ஈரமும் இருக்கும்போது வரும் கணக்கு இது. வீட்டில் இரண்டு மூன்று நாள் கூடலாம். ஈர மண்ணில் விதை எத்தனை நாள் சும்மா கிடக்கிறதோ அத்தனை நாளும் பூஞ்சைக்கு வாய்ப்பு. குளிர்ந்த மண்ணில் விதை அழுகுவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தாமதம்தான்.

ஒரு விதிவிலக்கு. கீரை வகையில் ஸ்பினாச் எனப்படும் பசலை (கொடிப்பசலை அல்ல), சாலட் கீரையான லெட்யூஸ் போன்றவை குளிரை விரும்புபவை. 30 டிகிரியைத் தாண்டினால் லெட்யூஸ் விதை முளைக்காமல் உறங்கிவிடும். அவற்றை மிளகாயோடு ஒரே சூட்டில் வைக்காதீர்கள்.

2. மண்ணை அளந்து பாருங்கள்

சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது காற்றின் சூடு. விதைக்குத் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் சூடு மட்டும். இரண்டும் ஒன்றல்ல. ஈர மண்ணிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அது மண்ணிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் திறந்து வைத்த ஈரத் தட்டின் மண் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். அறை 22 டிகிரி என்றால் மண் 19 அல்லது 20. கல் தளத்தின் மேலோ சன்னலோரத்திலோ வைத்திருந்தால் இன்னும் குறையும். சன்னலோரம் பகலில் வெயில் பட்டுச் சூடாகும், ராத்திரியில் அறையிலேயே மிகக் குளிர்ந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே வேறு எதையும் வாங்குவதற்கு முன் முனை நீண்ட ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் குச்சி வடிவ வெப்பமானியே போதும். தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் கருவி மேற்பரப்பை மட்டும்தான் காட்டும், அரை அங்குல ஆழத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு டம்ளரில் பொடித்த பனிக்கட்டியை நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் கழித்து முனையை விடுங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் அதை மனதில் வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம், தூக்கிப் போட வேண்டியதில்லை.

அப்புறம் ஈர மண் நிரப்பிய ஒரு தட்டை, நீங்கள் வைக்க நினைக்கிற இடத்தில் விதை போடாமல் ஒரு நாள் வையுங்கள். மாலையில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். விடியற்காலை எண்தான் முக்கியம். அது 24க்கு மேல் இருந்தால் உங்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை, மூடி மட்டும் போதும். 3, 4ஆம் படிகளைப் படித்துவிட்டு நேராக 6ஆம் படிக்குப் போய்விடலாம்.

3. விதைப் பொட்டலத்தைப் படித்து, பத்திரப்படுத்துங்கள்

பொட்டலத்தின் பின்பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: பரிசோதனை செய்த தேதி, முளைப்புத்திறன் சதவீதம், காலாவதி தேதி. முளைப்புத்திறன் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் 10 செடிக்கு 10 விதை போதாது. 17, 18 விதையாவது போட வேண்டும். பொட்டலத்தை வெட்டும்போது இந்தத் தகவல் உள்ள பக்கத்தை வெட்டி எறிந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதை விதை தீரும்வரை வைத்திருங்கள். விதையில் குறை என்று கடையில் பேச வேண்டி வந்தால் ரசீதும் பொட்டலமும் இரண்டும் இருக்க வேண்டும்.

நன்றாக உலர்த்திக் குளிர்ந்த இடத்தில் வைத்த விதைகளில் மிளகாயும் வெண்டையும் சுமார் 2 ஆண்டு தாங்கும். தக்காளி, கத்தரி, தர்பூசணி, பூசணி 4 ஆண்டு. வெள்ளரி, முலாம்பழம் 5 ஆண்டு. உங்களிடம் இருப்பது பழைய விதை என்றால் ஒரு சிறு சோதனை: ஈரமான டிஷ்யூ காகிதத்தில் 10 விதையை வைத்து மடித்து, ஜிப் பையில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். 7 முளைத்தால் நல்ல விதை. 3 முளைத்தால் நெருக்கமாக விதைக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் கருவி வாங்கியும் பயனில்லை, முதலில் விதையை மாற்றுங்கள்.

4. எப்போது விதைப்பது

நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வெளியில் பனி உறைவது நின்று, இரவு வெப்பநிலை 12, 13 டிகிரிக்குக் கீழே போகாத நாளை நடவு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பு மிளகாயும் கத்தரியும். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். வெள்ளரி, பூசணி, முலாம்பழம், தர்பூசணிக்கு 3 முதல் 4 வாரம் போதும். இவற்றின் வேர் தொட்டியில் நெருக்கினால் பிடிக்காது, சீக்கிரம் விதைத்தால் செடி நீண்டு கொடியாகித் தட்டிலேயே பின்னிக்கொள்ளும்.

கடுங்காரமான சில மிளகாய் வகைகள் சரியான சூட்டிலும் மூன்று நான்கு வாரம் எடுக்கும். அவற்றுக்குக் கூடுதலாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

5. சூடு எங்கிருந்து வரும்

பணச் செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் எதைச் செய்தாலும் வெப்பமானியை வைத்து அளந்த பிறகே விதையைப் போடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே சூடாக இருக்கும் இடங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்பக்கம் சூடாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய பெட்டிகளில் அது உண்மை. புதியவற்றில் பலவற்றின் மேல்பக்கம் அவ்வளவு சூடாவதில்லை. தண்ணீர் சூடாக்கும் கருவி இருக்கும் அலமாரி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேலே உள்ள தட்டு ஆகியவை நல்ல இடங்கள். ரேடியேட்டரின் மேலேயே நேரடியாகத் தட்டை வைத்தால் மண் 40 டிகிரியைத் தொட்டுவிடும்; நடுவில் ஒரு பலகையும் ஒரு சாண் இடைவெளியும் இருக்கட்டும். இணைய மோடம், செட்டாப் பெட்டி போன்றவற்றின் மேல் ஈரத் தட்டை வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் கசிந்தால் கருவி போகும், உங்களுக்கும் ஆபத்து. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. சூடு சரியாகத்தான் கிடைக்கும். ஆனால் வீட்டில் வேறு யாராவது தெரியாமல் ஓவனை முடுக்கிவிட்டால் எல்லாம் போச்சு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெந்நீர்ப் பாட்டிலும் தெர்மாகோல் பெட்டியும். மூடியுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்து, பக்கத்தில் விதைப் பையையோ சிறு தட்டையோ வைத்து மூடிவிடுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, குளிர் அதிகமென்றால் படுக்கும் முன் இன்னொரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்று நான்கு நாளில் முளைக்கும் வெள்ளரி, பூசணி வகைகளுக்கு இது அருமையான வழி. மிளகாய்க்கு இரண்டு வாரம் இப்படிச் செய்வது அலுத்துவிடும், ஒரு நாள் மறந்தாலே சூடு இறங்கிவிடும்.

ஈரக் காகித முறை. விதைகளை ஈரக் காகிதத்தில் முளைக்க வைத்துப் பிறகு மண்ணுக்கு மாற்றுவது. இதன் பெரிய நன்மை, ஒரு முழுத் தட்டு மண்ணைச் சூடாக்க வேண்டாம், உள்ளங்கை அளவுப் பையைச் சூடாக வைத்தால் போதும். காகிதத்தைப் பிழிந்து எடுங்கள், சொட்டக் கூடாது. பையின் மேல் விதையின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். முளைவேர் அரை சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் மாற்றிவிட வேண்டும். தாண்டினால் காகிதத்துக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் ஒடியும். விதைத்தோலைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். மாற்றுகிற மண்ணும் முன்பே சூடாக இருக்க வேண்டும். 28 டிகிரியில் முளைத்ததைக் குளிர்ந்த மண்ணில் வைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

பெட்டிக்குள் பல்பு. பழைய இழை பல்பு 15 அல்லது 25 வாட் இருந்தால் பெட்டிக்குள் போட்டுச் சூடாக்கலாம். எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது, அதில் போதுமான சூடு வராது. எனக்கு இந்த வழியில் முழு நம்பிக்கை இல்லை. தெர்மாகோலும் அட்டையும் சூடான பல்பைத் தொட்டால் உருகும், கருகும், தீப்பிடிக்கவும் கூடும். வேறு வழியே இல்லாதவர்கள் பல்பு எதையும் தொடாதபடி நன்றாகக் கட்டி, நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் எரியவிடுங்கள்.

ஹீட் மேட். ஒன்றுக்கு மேற்பட்ட தட்டு, ஒவ்வொரு வருஷமும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதுதான் சரியான வழி. நாற்றுக்கென்றே செய்யப்பட்ட, மெல்லிய ரப்பர் விரிப்பு மாதிரி இருக்கும் மின்பாய் இது. 10 அங்குலத்துக்கு 20 அங்குலம் உள்ள ஒரு தட்டுக்கான மேட் சுமார் 20 வாட் எடுக்கும். அதாவது நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் மின்சாரம்தான். மூன்று வாரத்துக்குப் பத்து யூனிட். உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். மண் நாம் வைத்த சூட்டை எட்டியதும் மேட்டைத் தானாக நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் இருந்தால் அதிலும் ஒரு பகுதி மிச்சமாகும்.

மேட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: தண்ணீர் புகாதது என்பதற்கான ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபி67 குறியீடு, உங்கள் நாட்டு மின்னழுத்தத்துக்கு ஏற்றதா என்பது, மின்பாதுகாப்புச் சான்று முத்திரை, உத்தரவாத அட்டை. அட்டையில் வாங்கிய தேதியோடு கடை முத்திரை போட்டு வாங்குங்கள். உடல்வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் மின்பாயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஈரத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பலவற்றில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் அமைப்பும் உண்டு, நீங்கள் தூங்கும்போது மண் குளிர்ந்துவிடும்.

தெர்மோஸ்டாட் அவசியமா என்று பலர் கேட்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் மண்ணை அறையின் சூட்டைவிட 5 முதல் 10 டிகிரி உயர்த்தும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அறை 15 டிகிரி என்றால் மண் 20 முதல் 25, மிளகாய்க்குச் சுமார். அறை 28 டிகிரியானால் மண் 38, விதை வெந்துவிடும். பகலும் இரவும் ஒரே மாதிரி இருக்கும் அறையில் தெர்மோஸ்டாட் இல்லாமல் சமாளிக்கலாம். மற்றவர்கள் மேட் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

6. தட்டும் மண்ணும்

சிறு சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டான குழித்தட்டு மெல்லிய பிளாஸ்டிக்கில் இருந்தால் சூடு சீக்கிரம் ஏறும். மண்தொட்டி வேண்டாம், அதன் பக்கங்கள் வழியாகத் தண்ணீர் ஆவியாகி மண்ணைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். தட்டின் அடிப்பாகம் மேட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். அடியில் உயரமான வரிகள் உள்ள தட்டில் காற்று இடைவெளி விழுந்து சூடு பாதிதான் மேலே வரும்.

பழைய தட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசி உலர்த்துங்கள். இளம் நாற்றின் தண்டை மண்மட்டத்தில் அழுகவைக்கும் நாற்றழுகல் நோயின் பூஞ்சைகள் பழைய மண் துகளில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.

தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள். அது இறுகும், அதிகத் தண்ணீர் பிடிக்கும். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட் அல்லது வெர்மிகுலைட்டும் (மண்ணை இலகுவாக்கும் கனிமத் துகள்கள்) கலந்த கலவை போதும். விதைக்குள்ளேயே முதல் சில நாளுக்கான உணவு இருக்கிறது, உரம் இப்போது தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கலவையை நனைத்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம்.

7. விதை இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்த்துவிட்டுத் தாவுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் தவிர்க்காதீர்கள்.

மேசையின் மேல் தெர்மாகோல் பலகை ஒன்றை வையுங்கள். அதன் மேல் மேட், அதன் மேல் ஈர மண் நிரப்பிய தட்டு, அதன் மேல் மூடி. தெர்மாகோல் இல்லை என்றால் மேட்டின் சூட்டில் பாதியைக் கல் மேசையோ இரும்பு மேசையோ குடித்துவிடும். மூடி இருந்தால் ஆவியாவது குறையும். மண் பல டிகிரி கூடும். மூடி இல்லாவிட்டால் சமையலறை பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினாலே போதும்.

தெர்மோஸ்டாட்டின் கம்பி நுனியில் சூட்டை அளக்கும் உணர்முனையை நடுக் குழியில் விதை இருக்கும் ஆழத்தில் நட்டு, கம்பியைத் தட்டின் விளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முனை நழுவி வெளியே காற்றில் தொங்கினால் தெர்மோஸ்டாட் மண் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். ஒரே இரவில் விதைகள் வெந்துபோகும். முனையை மேட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் செருகுவதும் தவறு. மேட் சீக்கிரம் அணைந்துவிடும், மேலே மண் குளிர்ந்தே கிடக்கும்.

மிளகாய், கத்தரிக்கு 28 டிகிரியில் வையுங்கள். 24 மணி நேரம் ஓடட்டும். இப்போது தனி வெப்பமானியால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். மூலைகள் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பது வழக்கம். அதனால் சூடு அதிகம் கேட்கும் விதையை நடுவிலும், தக்காளியை ஓரத்திலும் போடலாம். ராத்திரி இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் கவலைப்படாதீர்கள். விதைப் பரிசோதனைக்கூடங்களிலேயே மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைப் பகலில் 30, இரவில் 20 என்று மாற்றி மாற்றி வைத்துத்தான் முளைப்புத்திறனைச் சோதிக்கிறார்கள். கொஞ்சம் ஏறி இறங்குவதை அவை விரும்பவே செய்கின்றன.

மின்பாதுகாப்பு பற்றி நாலு வரி. தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன, மறந்துவிடாதீர்கள். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள். ஒயர் செருகும் இடத்துக்கு வருவதற்கு முன் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மேட்டை மடக்கவோ சுருட்டிய நிலையில் ஓடவிடவோ, மேலே போர்வை போட்டு மூடவோ கூடாது.

8. விதைப்பு

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு அரை சென்டிமீட்டர்; வெண்டை, வெள்ளரி, பூசணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை வரை. வெண்டையையும் மிளகாயையும் ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் விதைக்கு மூச்சுமுட்டும். பாகல் விதையின் தடித்த தோலை, கூர்மையான முனைக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாக நறுக்கிவிட்டு ஊறவைத்தால் சீக்கிரம் வரும்.

ஒரே தட்டில் எல்லாவற்றையும் கலந்து போடாதீர்கள். தக்காளி ஆறாம் நாளில் வந்து வெளிச்சம் கேட்கும்போது மிளகாய் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கும். ஒன்றுக்காக மூடியைத் திறந்தால் மற்றது குளிரும். தனித்தனித் தொட்டிகளாகவோ வெட்டிப் பிரிக்கக்கூடிய குழிகளாகவோ வைத்துக்கொண்டால் வந்ததை மட்டும் எடுக்கலாம்.

ஒரு தாளில் விதையின் பெயர், விதைத்த தேதி, காலை மாலை மண்சூடு, முதல் முளை வந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அடுத்த வருஷம் எந்தப் பொட்டலத்துத் தகவலையும்விட உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது அந்தத் தாள்தான்.

9. முளைக்கும்வரை

தினமும் ஒரு தடவை மூடியை ஒரு நிமிடம் திறந்து காற்றாட விடுங்கள். மூடியின் உட்பக்கம் நீர்த்துளி படிந்திருந்தால் தண்ணீர் தேவையில்லை. மேற்பரப்பு நிறம் வெளுத்துக் காய்ந்தால், தட்டின் அடியிலுள்ள தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழாயிலிருந்து நேராகப் பிடித்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் மண்ணின் சூடு சட்டென்று இறங்கும். 20 வாட் மேட் அதைத் திரும்ப ஏற்ற மணிக்கணக்காகும். தினமும் இப்படி நடந்தால் மேட் வாங்கியதில் பாதிப் பலன் போய்விடும்.

மேட்டின் மேல் இருக்கும் மண் அடியிலிருந்து காயும் என்பதையும் கவனியுங்கள். மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அடி வறண்டிருக்கலாம். தட்டைத் தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரிந்துவிடும்.

மூடிய தட்டை நேரடி வெயிலில் வைக்க வேண்டாம். மூடிக்குள் சூடு தேங்கிக் கொஞ்ச நேரத்திலேயே 45 டிகிரியைத் தாண்டும்.

10. முளைத்ததும் இறக்கிவிடுங்கள்

முளைப்பதற்குத் தேவைப்பட்ட சூடு நாற்று வளர்வதற்குத் தேவையில்லை. வளைந்த தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு தெரிந்த அன்றே வெளிச்சம் வேண்டும். பாதி விதைகள் வந்ததும் மேட்டிலிருந்து தட்டை இறக்குங்கள். அப்படியே விட்டால் நாற்று சூட்டில் நூல் மாதிரி நீண்டு சாயும். பகலில் 20 முதல் 22, இரவில் 17 அல்லது 18 டிகிரி இதற்குப் போதும். அறை அதைவிடக் குளிர் என்றால் மேட்டை 20 டிகிரிக்குக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

எல்இடி விளக்கு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். மூடியை இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். சிறிய மின்விசிறி மெதுவாக ஓடினால் தண்டு உறுதிப்படும், மண்ணின் மேற்பரப்பும் காய்ந்து நாற்றழுகல் வராது. தண்டு மண்மட்டத்தில் நீரில் ஊறியதுபோல் மெலிந்து ஒடிந்து விழுந்தால் அது நாற்றழுகல்தான். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியையும் சுற்றியுள்ளதையும் எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

சில நாற்றுகள் விதைத்தோலைத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு வரும். இழுக்காதீர்கள், விதையிலை பிய்ந்துவிடும். தண்ணீர் தெளித்துச் சில மணி நேரம் மூடி வைத்தால் பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும்.

11. வரவே இல்லை என்றால்

பொறுமை இழந்து எல்லாவற்றையும் கொட்டுவதற்கு முன் ஒரு விதையை மட்டும் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. விடியற்காலை மண்சூட்டை அளந்து, 25க்குக் கீழே இருந்தால் ஏற்றுங்கள். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். கொழகொழவென்று நசுங்கி நாற்றம் வந்தால் அழுகிவிட்டது. காரணம் பெரும்பாலும் அதிக ஈரம், இல்லையென்றால் குளிர், இல்லையென்றால் இரண்டும். நசுங்காமல் பழுப்பாகச் சுருங்கி, முளைவேர் கருகியிருந்தால் சூடு அதிகமாகிவிட்டது, அல்லது நடுவில் மண் காய்ந்துவிட்டது. உணர்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடி விதைப்பதற்கு முன் 4ஆம் படியில் போட்ட நாள் கணக்கை எடுத்துப் பாருங்கள். வெள்ளரி, பூசணி வகைகளுக்கு மூன்று வாரம் தாமதமானாலும் காலம் இருக்கும், வெளியில் மண் 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் நேராக நிலத்திலேயே விதைத்துவிடலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் நடவு நாளுக்கு ஆறு வாரம்கூட இல்லை என்றால் இந்தப் பருவத்துக்கு நாற்றாகவே வாங்கி நடுங்கள். மிச்ச விதையைக் காற்றுப்புகாத டப்பாவில், பொட்டலத்தோடு, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்து அடுத்த பருவத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.